பித்தளையைப் புளி ஏன் மினுக்குகிறது?

யாழ்ப்பாணத்தில் விளக்கீடோ தைப்பொங்கலோ நெருங்கினால் சாமியறையில் இருக்கும் குத்துவிளக்கு, நிறைகுடச் செம்பு, சந்தனக் கிண்ணம், தட்டம் எல்லாம் கிணற்றடிக்கு வந்துவிடும். பழப்புளி ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம், தேய்க்கப் பொச்சு. வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொன்றை எடுத்து மினுக்கத் தொடங்குவார்கள். எல்லோருக்கும் பழகிய வேலைதான். ஆனால் ஏன் புளி? சவர்க்காரம் மட்டும் ஏன் போதாது? ஒரு வீட்டு விளக்கு மாதக்கணக்கில் பளபளக்க, இன்னொரு வீட்டு விளக்கு மறுநாளே மங்கிப்போவது எதனால்? சில வேளை பித்தளையின் மஞ்சள் போய் ஒரு இளஞ்சிவப்பு வருகிறதே, அது என்ன? இவற்றுக்கான பதில் சாதாரண தரத்தில் படித்த இரசாயனத்துக்குள்ளேயே இருக்கிறது. தெரிந்துகொண்டால் கை நோவும் குறையும், பாத்திரமும் தேயாமல் இருக்கும்.

பித்தளை என்பது செப்பும் நாகமும் (துத்தநாகம்) உருகிச் சேர்ந்த கலப்புலோகம். பொதுவாக 60 முதல் 70 வீதம் செப்பு, மீதியில் பெரும்பகுதி நாகம். வார்த்துச் செய்த விளக்குகளில் கடைசல் வேலை இலகுவாக வரட்டும் என்று கொஞ்சம் ஈயமும் சேர்ப்பதுண்டு. செப்பும் நாகமும் ஒன்றாகக் கலந்திருந்தாலும் அவற்றின் குணம் ஒன்றல்ல. நாகம் அமிலத்தைக் கண்டால் கரைய அவசரப்படும். செப்பு உலோகம் புளி போன்ற மென்மையான அமிலத்தில் அநேகமாக அப்படியே நிற்கும். காற்றுப் பட்டபடி நெடுநேரம் ஊறினால்தான் மெல்லக் கரையும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிச் சிக்கல்களுக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது அழுக்கு. பித்தளையின் மேல் இருப்பதை எல்லாம் நாம் அழுக்கு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே குறைந்தது மூன்று வகை இருக்கும். முதலாவது எண்ணெய்ப்பசை: விளக்கெரித்து மிஞ்சிய நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், அதில் ஒட்டிய புகைக்கரி, கர்ப்பூரக் கரி. இரண்டாவது உலோகமே மாறி உருவான படலம். செப்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்தால் கபிலமாகவும் கறுப்பாகவும் ஒட்சைட்டு வரும். கந்தகம் பட்டால் கறுப்புச் சல்பைட்டு. ஈரமும் காபனீரொட்சைட்டும் உப்பும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு. மூன்றாவது தண்ணீரில் கரையும் உப்புகள்: வியர்வை, கடற்காற்றின் உப்பு, வெடிமருந்துப் புகை விட்டுச் செல்வது. ஒவ்வொன்றையும் கரைப்பது வெவ்வேறு பொருள். எண்ணெய்க்குச் சவர்க்காரமும் அப்பச்சோடா போன்ற காரமும், ஒட்சைட்டுக்கும் களிம்புக்கும் அமிலம், உப்புக்கு வெறும் தண்ணீர். மினுக்கும் வேலை முழுவதும் இந்தப் பொருத்தத்தில்தான் நிற்கிறது.

களிம்பு என்றதும் சைவ சமயப் பாடம் நினைவுக்கு வரும். நெல்லுக்கு உமிபோல, செம்புக்குக் களிம்புபோல ஆணவம் உயிரோடு கூடவே இருக்கிறது என்று படித்திருப்போம். எவ்வளவு துலக்கினாலும் திரும்பத் திரும்பக் களிம்பு ஏறுவதை நம் முன்னோர் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது அந்த உவமையில் தெரிகிறது. இரசாயனம் இந்தக் கதையில் சேர்ப்பது ஒன்றுதான்: களிம்பு ஏற வெளியிலிருந்து ஈரமும் காற்றும் உப்பும் வந்து சேரவேண்டும். அவற்றைத் தள்ளிவைத்தால் களிம்பு ஏறுவதையும் தள்ளிப்போடலாம்.

சரி, விளக்கைக் கையில் எடுப்போம். திரி வைக்கும் முகத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பசைபோல ஒட்டும் ஒரு கடும்பச்சைப் பொருள் விரலில் வரும். பலர் இதைக் களிம்பு என்று நினைத்து நேரே புளியைப் போட்டு உரசுவார்கள். அது அசையாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். எண்ணெய் பழுதாகும்போது அதிலிருந்து கொழுப்பமிலம் பிரிகிறது. அது செப்போடு சேர்ந்து உண்டாக்கும் ஒருவகைச் செப்புச் சவர்க்காரம்தான் அந்தப் பச்சை. அதைச் சுற்றி இறுகிப்போன எண்ணெய் வேறு. எண்ணெய்ப்படலம் இருக்கும்வரை புளித்தண்ணீர் உலோகத்தைத் தொடவே முடியாது. அதனால் முதல் வேலை எப்போதும் எண்ணெய் எடுப்பது. திரியை எடுத்துவிட்டு, பழைய துணியால் அல்லது கடதாசியால் வழித்துத் துடைத்து, கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். இறுகிய இடத்தில் அப்பச்சோடாவைத் தூவிப் பழைய பல்துலக்கும் பிரசால் தேய்க்கலாம். விளக்கின் மேல் தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் பரந்து ஓடினால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். இந்தப் படியைச் செய்யாமல் புளியோடு மல்லுக்கட்டுவதில்தான் அநேகம் பேரின் நேரம் போகிறது.

இப்போது புளியின் முறை. பழப்புளியில் இருப்பது தாத்தாரிக் அமிலம். தேசிக்காயில் சித்திரிக் அமிலம், வினாகிரியில் அசற்றிக் அமிலம், புளித்த மோரில் இலத்திக் அமிலம். பெயர் வேறானாலும் நால்வரும் செய்வது ஒரே வேலை. அமிலத்திலுள்ள ஐதரசன் அயன் செப்பொட்சைட்டிலுள்ள ஒட்சிசனைப் பிடித்துத் தண்ணீராக்கிவிடும். விடுபட்ட செப்பு அயனாகக் கரைசலுக்குள் இறங்கும். படலம் கரைந்த இடத்தில் அடியிலிருக்கும் புதுப் பித்தளை தெரியும். நாம் காணும் மினுக்கம் அதுதான். புளி எதையும் பூசவில்லை, மூடியிருந்ததைக் கரைத்துவிட்டது. தேய்த்த புளி கறுத்துக் கலங்கலாவதற்கும், கழுவிய தண்ணீரில் சிலவேளை பச்சைச் சாயல் தெரிவதற்கும் இந்தச் செப்புதான் காரணம்.

நான்கில் புளிதான் என் விருப்பம். தேசிக்காய்ச்சாறும் வினாகிரியும் வழிந்து ஓடிவிடும். புளி சதையோடு இருப்பதால் பாத்திரத்தின் வளைவிலும் விளக்கின் தண்டிலுள்ள வளையங்களிலும் ஒட்டிக்கொண்டு நின்று வேலை செய்யும். எவ்வளவு கரைந்தது என்பதைக் கண்ணால் பார்த்து அந்த நொடியே கழுவியும் விடலாம். ஒரு சிறு விளக்குக்கு நெல்லிக்காயளவு புளி போதும். சக்கையாகப் பிசைந்து, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துப் பூசுங்கள்.

உப்பு எதற்கு? உப்பிலுள்ள குளோரைட்டு கரைந்துவரும் செப்போடு சேர்ந்து அதைக் கரைசலுக்குள்ளேயே பிடித்துவைக்கிறது. அதனால் படலம் வேகமாகக் கரையும். உப்பில்லாப் புளி நிமிடக்கணக்கில் செய்வதை உப்புப் போட்ட புளி உடனேயே செய்வதைப் பார்க்கலாம். ஆனால் இதே குளோரைட்டு மிச்சம் மீதியாகப் பித்தளையில் தங்கிவிட்டால் ஈரத்தை இழுத்துப் புதுக் களிம்பைத் தொடக்கிவிடும். மினுக்கிய மறுநாளே பச்சைப்புள்ளி விழும் விளக்குகளில் பெரும்பாலும் வளையங்களின் இடுக்கில் உப்புப்புளி தங்கியிருக்கும். உப்புப் போட்டால் இரண்டு மடங்கு அலசவேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த இளஞ்சிவப்பு. அமிலத்தில் பித்தளையை அதிக நேரம் ஊறவைத்தால் மேற்பரப்பிலுள்ள நாகம் முந்திக்கொண்டு கரைந்துபோகும். செப்பு மட்டும் பஞ்சுபோலத் துளைவிழுந்த படலமாக மிஞ்சும். இன்னொரு வழியிலும் இது வரும். கரைசலுக்குள் ஏற்கனவே இறங்கிய செப்பு, பித்தளையிலுள்ள நாகத்தைக் கண்டால் அதைத் தள்ளிவிட்டுத் தான் போய் உலோகமாகப் படியும். ஒரே புளித்தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துச் சாமானை முக்கி எடுக்கும் வீடுகளில் கடைசியாக வரும் கிண்ணம் சிவந்து தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். தேசிக்காய்ச்சாறும் உப்பும் கலந்த தண்ணீரில் மங்கிய பித்தளைச் சாமானைக் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள். அதே தண்ணீருக்குள் துருவில்லாத, நன்றாக உரசித் துடைத்த இரும்பாணி ஒன்றை விட்டு வைத்துவிட்டுப் பிறகு வந்து பாருங்கள். ஆணியின் மேல் செந்நிறச் செப்புப் படலம் ஏறியிருக்கும். விளக்கிலிருந்து கரைந்த செப்புதான் அது. ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் உலோகத்தில் ஒரு மெல்லிய தோல் உரிந்து போகிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம். அளவு மிகச் சிறியதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக வாரந்தோறும் மினுக்கப்பட்ட செம்புகளில் எழுத்தும் பூவேலையும் மழுங்கிப்போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே, நேரம் முக்கியம். புளி பூசினால் சில நிமிடம். நிறம் திரும்பியதும் கழுவிவிடுங்கள். வினாகிரியில் ஊறவைக்கத்தான் வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அதே பாத்திரத்தில் இரும்புக் கம்பி, சட்டி தேய்க்கும் உருக்குக் கம்பிச் சுருள் எதையும் சேர்த்துப் போடவேண்டாம். லேசாகச் சிவந்துவிட்டாலும் கவலையில்லை; நைசான சாம்பலால் தேய்த்தால் அந்த மேல்தோல் போய் மஞ்சள் திரும்பும்.

சாம்பல் என்றதும் ஒரு விடயம். அமிலம் எல்லாக் கறுப்பையும் கரைக்காது. செப்புச் சல்பைட்டு புளிக்கும் தேசிக்காய்க்கும் அசைந்து கொடுக்காது. அதற்கு உரசல்தான் மருந்து. விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று என்ற காரம் இருக்கிறது. அது எண்ணெயையும் எடுக்கும், புளியின் மிச்ச அமிலத்தையும் சமப்படுத்தும். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது நன்றாக உரசும், நைசாக அரித்தெடுக்காவிட்டால் கீறும். செங்கல் தூள் இன்னும் முரடு, அதை நான் சொல்லமாட்டேன். கழுவித் துடைத்தபின் கடைசியாகத் திருநீற்றைத் தொட்டு உலர்ந்த துணியால் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இதில் மூன்று வேலை ஒன்றாக நடக்கிறது: இடுக்கிலிருக்கும் ஈரத்தைத் திருநீறு உறிஞ்சுகிறது, தங்கிய அமிலத்தை அதிலுள்ள காரம் முறிக்கிறது, மிக நைசான துகள் கடைசிப் பளபளப்பைக் கொடுக்கிறது. எங்கள் அம்மம்மாக்கள் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்த இந்த முடிப்பை மிஞ்ச எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு தொல்லை தண்ணீர். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். அதற்குள்ளால் ஊறிவரும் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கரைந்திருக்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். மினுக்கிய விளக்கைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும். சாதாரண சவர்க்காரமும் இந்தத் தண்ணீரில் நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்து சாம்பல்நிறப் பசையாகப் படியும். எண்ணெய் எடுக்க நான் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சொன்னது இதனால்தான். கடைசி அலசலுக்கு மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் கிடைத்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் கொதித்து ஆறித் தெளிந்த தண்ணீர். அதுவும் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரில் அலசிய கையோடு காய விடாமல் துணியால் ஒற்றித் துடைத்துவிடுங்கள். துடைப்பதில் காட்டும் அக்கறை பாதி மினுக்கத்துக்குச் சமம்.

இதுவரை சொன்ன எல்லாம் விளக்குக்கு மட்டும் உரியதல்ல. வெளிநாடுகளில் பழையகாலத் துப்பாக்கிகளைக் கரிமருந்து வைத்துச் சுடும் பொழுதுபோக்காளர்கள் இருக்கிறார்கள். சுட்டு முடிந்த பித்தளை ரவைக்கோதுகளை, அதாவது ரவையின் வெற்று உறைகளை, கழுவித் திரும்பப் பயன்படுத்துவது அவர்கள் வழக்கம். அந்தக் கோதுகளுக்கென்றே 70 வீதம் செப்பும் 30 வீதம் நாகமும் கொண்ட பித்தளை உண்டு. தகட்டைக் கிண்ணமாக அழுத்தி நீள இழுத்தாலும் கிழியாது. கரிமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு (பொற்றாசியம் நைத்திரேற்று), 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்தபின் அதில் பாதிக்கு மேல் திண்மமாகவே மிஞ்சும்: பொற்றாசியத்தின் காபனேற்று, சல்பேற்று, சல்பைட்டு. இவை ஈரத்தை இழுப்பவை. சல்பைட்டு பித்தளையைக் கறுக்கவைக்கும். ஆனால் இவை தண்ணீரில் கரையும் உப்புகள் என்பதுதான் இங்கே உதவி. சுட்ட கையோடு கோதுகளைச் சவர்க்காரத் தண்ணீருக்குள் போட்டுவிட்டால் பெரும்பாலான கரி அங்கேயே கழன்றுவிடும். பிறகு வினாகிரியிலோ சித்திரிக் அமிலத்திலோ சில நிமிடம், அதன்பின் அப்பச்சோடாத் தண்ணீரில் ஒரு அலசல், உலர்த்தல். பிந்தினால் சல்பைட்டு உலோகத்தோடு ஒட்டிக் கறுப்பாக நின்றுவிடும். அதற்கு அமிலம் உதவாது, உரசவேண்டிவரும். நம் வீட்டிலும் இதே கதை உண்டு. தீபாவளி வாணங்களிலும் பட்டாசுத் திரிகளிலும் இருப்பது இந்தக் கரிமருந்து இனம்தான். வாசலில் வைத்த விளக்கின் மேல் அந்தப் புகை படிந்தால் மறுநாள் வரை விடாமல் அன்றிரவே தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். எங்கள் மண்ணில் போர் விட்டுப்போன ரவைகளும் வெடிபொருட்களும் இன்னமும் கிணறு வெட்டும்போதும் காணி துப்புரவாக்கும்போதும் வெளிவருகின்றன. பித்தளை மினுங்குகிறது என்று எதையும் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், சிறுவர்களைக் கிட்ட விடாதீர்கள். வெற்றுக்கோதுதானா என்று பார்ப்பது நம் வேலையல்ல. இடத்தை அடையாளம் வைத்துவிட்டுத் தள்ளி வந்து பொலிசின் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள்.

ரவைக்கோதுகள் நமக்குச் சொல்லித்தரும் இன்னொரு பாடம் அமோனியா பற்றியது. பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில் படையினரின் ரவைகளைக் குதிரைலாயங்களில் அடுக்கிவைத்தபோது, மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கோதுகள் தானாகவே விரிசல் விட்டுக் கிடந்தன. யாரும் தட்டவுமில்லை, போடவுமில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அமோனியா ஈரத்தோடு சேர்ந்து பித்தளைக்குள் நெருங்கி அடுக்கியிருக்கும் நுண்ணிய பளிங்கு மணிகளுக்கு இடையில் அரித்திருக்கிறது. தகட்டைக் குளிர்நிலையில் இழுத்துச் செய்தபோது உள்ளே தங்கிய இறுக்கம் அந்த அரிப்பை விரிசலாக்கியிருக்கிறது. செய்தபின் மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது இதற்குப் பரிகாரம். வார்த்த குத்துவிளக்குக்கு இந்த ஆபத்துக் குறைவு. தட்டியும் இழுத்தும் செய்த குடம், செம்பு, தட்டம் இவற்றுக்கு உண்டு. அவற்றை மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையிலோ, கோழிக்கூட்டுப் பக்கமோ வைக்காதீர்கள். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் பித்தளைப் பொலிஷ் சிலவற்றிலும் அமோனியா இருக்கிறது. லேபிளைப் பார்த்துத் தவிருங்கள். கழிவறை கழுவும் கடும் அமிலத்தையும் வெளிற்றும் திரவத்தையும் பித்தளைப் பக்கமே கொண்டுவரவேண்டாம். வெளிற்றும் திரவத்தோடு புளியோ வினாகிரியோ கலந்தால் நச்சான குளோரின் வாயு வரும்.

மினுக்கியதைப் பாதுகாக்கத் தேங்காயெண்ணெய் தடவிவைப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்குப் பளபளக்கும், பிறகு எண்ணெய் பழுதாகித் திரிமுகத்தில் பார்த்த அதே பச்சைப்பசை வரும். எரிக்காமல் அலுமாரியில் வைக்கும் சாமானுக்குத் தையல் மெசின் எண்ணெயை ஒரு துளி துணியில் தொட்டு மிக மெல்லிசாகத் தடவுவது மேல். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை போலக் கடற்காற்று முகத்தில் அடிக்கும் ஊர்களில் பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த பெட்டிக்குள் வைக்கவேண்டும். புதிதாக வாங்கிய விளக்கு மங்காமல் கண்ணாடிபோல மினுங்கினால் அதன்மேல் வார்னிஷ் பூசியிருப்பார்கள்; அதைப் புளி போட்டு உரசினால் திட்டுத்திட்டாக உரியும், ஈரத்துணியால் துடைப்பதே போதும். பழைய ஐம்பொன் விக்கிரகங்களில் கைவைக்கவே வேண்டாம். அவற்றின் கருமைப் படலம் உலோகத்தைக் காத்துநிற்கிறது. அது தெரிந்தவர்கள் பார்க்கவேண்டிய வேலை.

புளி பித்தளையைக் கரைக்கும் என்று தெரிந்தபின் சமையலைப் பற்றியும் யோசிக்கவேண்டும். உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்போ ரசமோ மோரோ வைத்தால் செப்பும், இருந்தால் ஈயமும், உணவுக்குள் இறங்கும். பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தைத் திரும்பப் பூசுவியுங்கள், அல்லது தண்ணீரோ தானியமோ வைக்க மட்டும் எடுங்கள். விளக்கு கழுவிய தண்ணீரையும் கிணற்றுக்கட்டில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே விடுவது விரைவில் கீழே போய்விடும். அளவு கொஞ்சம்தான் என்றாலும், குடிக்கிற கிணற்றிலிருந்து தள்ளி, மீன் தொட்டிக்கும் கீரைப்பாத்திக்கும் போகாத ஒரு மூலையில் கொட்டுங்கள்.